பின்கள வீரரை டிரேடு செய்யலாமா? சேத் ஜோன்ஸ் மூன்று முறை கைமாறிய கதை

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் வருடம் முழுக்க ஓயாத சண்டை ஒன்று உண்டு: "நம்ம டீமில் இருக்கிற இந்தப் பின்கள வீரரை டிரேடு பண்ணலாமா, கூடாதா?" வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் 32 அணிகள் ஆடுகின்றன. எந்த அணியின் ரசிகரைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பார். "நல்லாத்தானே ஆடுறான், எதுக்குக் கொடுக்கணும்?" என்பார். இல்லையென்றால் "சொதப்புறான், முதல்ல அனுப்புங்க" என்பார். இரண்டு பதிலுமே வீரர் எப்படி ஆடுகிறார் என்பதோடு நின்றுவிடுகின்றன. டிரேடு செய்வதா இல்லையா என்பது அதை மட்டும் வைத்து முடிவாகிற விஷயம் இல்லை. ஒரே வீரரை ஒரு அணி கொடுத்தது சரியாகவும், இன்னொரு அணி வாங்கியது தப்பாகவும், வாங்கிய அந்த அணி பிறகு அவரை வேறு அணிக்குக் கொடுத்தது மறுபடி சரியாகவும் இருக்கலாம்.

இதற்கு நல்ல உதாரணம் சேத் ஜோன்ஸ். 2016, 2021, 2025 என்று மூன்று முறை டிரேடு ஆனவர். மூன்று முறையும் ஆள் அவர்தான், ஆட்டமும் கிட்டத்தட்ட அதேதான். மாறியதெல்லாம் அவரைச் சுற்றி இருந்த அணிகளின் நிலைமை. டிரேடு கணக்கைப் புரிந்துகொள்ள அவருடைய கதை ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆட்டமும் பணமும்

புல்தரை ஹாக்கியை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கி 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தில் நடக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர் ஒருவர், முன்கள வீரர்கள் மூன்று பேர், பின்கள வீரர்கள் இரண்டு பேர். பந்துக்குப் பதிலாக 'பக்' என்கிற தட்டையான ரப்பர் வில்லை. இருபது நிமிடங்களாக மூன்று பகுதி, மொத்தம் 60 நிமிடம். முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டே ஆடுவதால் முக்கால் நிமிடத்துக்கு மேல் யாருக்கும் தாங்காது. அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாகப் பன்னிரண்டு முன்கள வீரர்களும் ஆறு பின்கள வீரர்களும் உடை மாற்றி இறங்குவார்கள். இந்த ஆறு பேர்தான் நம் கதை. எப்போதும் இரண்டு பேர் களத்தில் இருக்க வேண்டும் என்றால் 60 நிமிட ஆட்டத்துக்கு மொத்தம் 120 நிமிடம் நிரப்ப வேண்டும். ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் ஜோடி 24, 25 நிமிடம் ஆடும், கடைசி ஜோடி 15 நிமிடத்தோடு உட்கார்ந்துவிடும். எதிரணியின் மிகச் சிறந்த முன்கள வீரர்கள் இறங்கும்போதெல்லாம் அவர்களுக்கு எதிரே முதல் ஜோடிதான் நிற்கும். ஆக முதல் ஜோடியில் ஒருவரைக் கொடுத்துவிட்டால், ஆட்டத்தின் மிகக் கடினமான 25 நிமிடத்தை நாளைக்கு யார் ஆடுவது என்ற கேள்வி அன்றைக்கே வந்து நிற்கும். முன்கள வீரர் ஒருவர் போனால் மற்ற பதினொரு பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ளலாம். பின்களத்தில் மீதி இருப்பது ஐந்தே பேர். அதுவரை 18 நிமிடம் எளிதான எதிரிகளோடு நன்றாக ஆடிய ஒருவரை 24 நிமிடம் கடினமான எதிரிகளோடு நிறுத்தினால், ஒரே மாதத்தில் அவரும் சுமாரானவராகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்.

டிரேடு என்றால் என்னவென்று ஐபிஎல் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியதே, அதே சங்கதிதான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் வேண்டும். என்.எச்.எல்.லில் பெரும்பாலான வீரர்களை யாரும் கேட்பதில்லை. தொலைபேசி வரும், அடுத்த ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். நட்சத்திர வீரர்கள் மட்டும் 'என் சம்மதம் இல்லாமல் நகர்த்தக் கூடாது' என்ற பிரிவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் சம்பள உச்சவரம்பு. 2004-05 சீசன் முழுவதும் தொழில் தகராறில் ரத்தானது. அது முடிந்து 2005-06இல் லீக் திரும்பியபோது, ஒரு அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியோடு திரும்பியது. முதல் வருடம் அது 3 கோடியே 90 லட்சம் டாலர். 2024-25இல் 8 கோடியே 80 லட்சம். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. அதனால் டிரேடில் வீரரோடு சேர்ந்து அவருடைய ஒப்பந்தமும் கைமாறுகிறது. ஒப்பந்தம் மோசமாக இருந்தால் அருமையான வீரரைக்கூட யாரும் வாங்க வர மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செய்திகள் தானாகப் புரிந்துவிடும்.

2016: மிகுதியைக் கொடுத்து குறையை நிரப்பிய நாஷ்வில்

சேத் ஜோன்ஸின் அப்பா பாப்பாய் ஜோன்ஸ், என்.பி.ஏ.வில் ஆடிய கூடைப்பந்து வீரர். டென்வரில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் பையன்கள் ஹாக்கிமேல் ஆசைப்பட, அதே ஊரின் ஹாக்கி அணியான கொலராடோவின் கேப்டன் ஜோ சாக்கிக்கிடம் போய் யோசனை கேட்டார். முதலில் பனியில் நன்றாகச் சறுக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார் சாக்கிக். என்.எச்.எல். சாம்பியனுக்குக் கிடைப்பது ஸ்டான்லி கோப்பை. 2001 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைச் சிறுவன் சேத் அரங்கில் உட்கார்ந்து பார்த்தான். அன்று கொலராடோ வென்றது. கோப்பையை வாங்கிய சாக்கிக் அதைத் தான் தூக்காமல் நேராக ரே போர்க் கையில் கொடுத்தார். போர்க்கும் பின்கள வீரர்தான். பாஸ்டனில் இருபது வருடத்துக்கு மேல் ஆடியும் கோப்பை கிடைக்காமல், 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு டிரேடு ஆனவர். டிரேடு என்றாலே ஒரு வீரரைக் கைவிடுவது என்று நினைப்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2013 டிராஃப்டில் ஜோன்ஸை நான்காவதாக நாஷ்வில் எடுத்தது. டிராஃப்ட் என்பது பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று நிகழ்ச்சி. மோசமாக ஆடிய அணிகளுக்கு முதலில் வாய்ப்பு கிடைக்கும். அதனால் 'முதல் சுற்று வாய்ப்பு' என்பதையே ஒரு பொருளைப் போலக் கொடுத்து வாங்குவார்கள். முதல் சுற்றில் எடுத்த பிள்ளை நட்சத்திரமாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்.

2016 ஜனவரியில் நாஷ்வில்லின் பின்களத்தில் ஷே வெபர், ரோமன் யோசி, ரையன் எல்லிஸ், மத்தியாஸ் எக்ஹோம், கூடவே 21 வயது ஜோன்ஸ். அப்படி ஒரு வரிசை அப்போது லீகில் வேறு யாரிடமும் இல்லை. இத்தனை இருந்தும், முன்களத்தில் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் முதல்தர சென்டர் ஒருவர் அந்த அணிக்கு வாய்க்கவில்லை. கொலம்பஸ் அணியில் ரையன் ஜோஹான்சன் என்ற சென்டர் இருந்தார், அவரும் 2010 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர். கொலம்பஸுக்குப் பின்களத்தில் ஆள் வறட்சி. ஜனவரி 6ஆம் தேதி ஆளுக்கு ஆள் நேராக மாற்றிக்கொண்டார்கள், வேறு எந்தச் சேர்க்கையும் இல்லை.

21 வயதில் இவ்வளவு திறமை உள்ள பின்கள வீரரைக் கொடுக்கலாமா? பொதுவாகக் கேட்டால் கூடவே கூடாது என்றுதான் சொல்வேன். பின்கள வீரர்கள் முன்களத்தாரைவிடத் தாமதமாகத்தான் முதிர்வார்கள், எதிரணியின் நகர்வை முன்கூட்டியே படிக்கும் அறிவு வருடக்கணக்கில் ஆடித்தான் வரும். இருபத்தொன்றில் கொடுத்தால் நல்ல வருடங்களை எல்லாம் வேறு அணிக்குத் தாரைவார்ப்பது போல் ஆகும். ஆனால் நாஷ்வில்லில் ஜோன்ஸின் நிமிடங்களை ஆட ஆள் இருந்தது. அதுதான் முக்கியம். அடுத்த வருடமே, 2017இல், நாஷ்வில் தன் வரலாற்றில் முதல்முறையாக ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடருக்குப் போனது. ஜோஹான்சன் அரையிறுதியில் தொடைக் காயத்தால் வெளியேறினார், அவர் இல்லாத இறுதியில் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார்கள். அவர் மட்டும் இருந்திருந்தால் என்று நாஷ்வில் ரசிகர்கள் இன்றும் பேசுவதில் நியாயம் உண்டு. கொலம்பஸ் பக்கம் பார்த்தால் அவர்களுக்கு முதல் ஜோடியில் நிற்க ஒருவர் கிடைத்தார். இருவருக்குமே லாபமான டிரேடு என்று தயங்காமல் சொல்லலாம்.

வலக்கையின் விலை

ஜோன்ஸின் விலை எப்போதும் உயர்ந்தே இருந்ததற்கு இன்னொரு காரணம், அவர் வலக்கை ஆட்டக்காரர், அதாவது ஸ்டிக்கின் அலகை உடம்பின் வலப்பக்கம் வைத்து அடிப்பவர். என்.எச்.எல்.லில் இடப்பக்கம் அடிப்பவர்களே அதிகம். ஆனால் ஆறு பின்கள வீரர்களில் மூன்று பேர் தளத்தின் வலப்பக்கம் ஆட வேண்டும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். எதிரணியின் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோட்டின் அருகே, வலப்பக்கச் சுவரை ஒட்டி நம் பின்கள வீரர் நிற்கிறார். எதிரணி தப்பிப்பதற்காகப் பக்கைச் சுவரோரமாக வேகமாக அடித்து வெளியே தள்ளுகிறது. பக் நீலக்கோட்டைத் தாண்டிவிட்டால் நம் தாக்குதல் அங்கேயே முடிந்தது, அத்தனை பேரும் வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். வலக்கைக்காரருக்கு ஸ்டிக்கின் அலகு சுவர்ப் பக்கமே இருக்கிறது. அலகின் முன்பக்கத்தால் பக்கை நிறுத்தி அப்படியே கோலை நோக்கி அடித்துவிடலாம். இடக்கைக்காரர் அதே இடத்தில் நின்றால் குறுக்கே எட்டி, அலகின் பின்பக்கத்தால் நிறுத்தி, பிறகு முன்பக்கத்துக்கு இழுக்க வேண்டும். அரை விநாடி வித்தியாசம்தான். அந்த அரை விநாடியில் எதிரணி வீரர் வந்து மேலே விழுந்துவிடுவார். ஒரு ஆட்டத்தில் இது பத்து, பதினைந்து முறை நடக்கும்.

இந்தப் பற்றாக்குறைக்கு எட்மன்டன் கொடுத்த விலை பிரபலம். 2016 ஜூன் 29 அன்று, 2010 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த டெய்லர் ஹாலை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து, வலக்கைப் பின்கள வீரர் ஆடம் லார்சனை வாங்கினார்கள். ஹால் 2018இல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார். லார்சன் நம்பகமான, சத்தமில்லாத ஆட்டக்காரர். 2021இல் அவரும் எட்மன்டனை விட்டு சியாட்டலுக்குப் போய்விட்டார். வலக்கை ஆள் வேண்டும் என்ற தேவை உண்மைதான். அதற்காகக் கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை.

அதே நாளில் மான்ட்ரியல் இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. ஊரே கொண்டாடிய பி.கே. சுப்பானை நாஷ்வில்லுக்குக் கொடுத்து ஷே வெபரை வாங்கியது. சுப்பான் 2013இன் சிறந்த பின்கள வீரர், மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக 2015இல் உறுதி சொன்னவர். வயது 27. வெபருக்கு 30, ஒப்பந்தமோ 2026 வரை. எண்களை வைத்துப் பார்த்தால் மான்ட்ரியல் செய்தது தவறு என்றே தோன்றும். சுப்பானோடு நாஷ்வில் உடனே இறுதிக்குப் போனதும் உண்மை. ஆனால் 2021இல் வெபர் கேப்டனாக நின்று மான்ட்ரியலை இறுதிக்குக் கூட்டிப் போனார், காயங்களால் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சுப்பான் 2022இல் ஓய்வு பெற்றார். ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் தீர்ப்பு முன்பு நினைத்த அளவுக்கு ஒருதலையாக இல்லை. ஊரின் பாசத்துக்கு விலை வைக்க முடியாது என்பதும் நிஜம். அந்த வலி இன்னும் ஆறாத மான்ட்ரியல் ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2021: கடிகாரம் ஓடத் தொடங்கியபோது

கொலம்பஸில் ஜோன்ஸ் எவ்வளவு சுமந்தார் என்பதற்கு ஒரே ஒரு ஆட்டம் போதும். 2020 ஆகஸ்ட் 11, கொரோனா காலம், டொரண்டோவில் ஆளில்லாத அரங்கு. டாம்பா பே அணியோடு பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டம் ஐந்து கூடுதல் பகுதிகள் வரை நீண்டது. ஜோன்ஸ் மட்டும் 65 நிமிடங்களுக்கு மேல் களத்தில் இருந்தார். ஒரு முழு ஆட்டத்தின் நேரமே 60 நிமிடம்தான் என்பதை நினைவில் வையுங்கள். லீக் இந்தக் கணக்கை வைக்கத் தொடங்கிய பிறகு ஒரே ஆட்டத்தில் அவ்வளவு நேரம் யாரும் ஆடியதில்லை. கடைசியில் 3-2 என்று தோற்றார்கள்.

அப்படிப்பட்டவரை அடுத்த வருடமே கொடுத்தார்கள், கொடுத்தது சரிதான். ஜோன்ஸின் ஒப்பந்தம் வருடத்துக்கு 54 லட்சம் டாலர் என்ற மலிவான விலையில் 2022 கோடையில் முடிய இருந்தது. என்.எச்.எல்.லில் ஏழு சீசன் ஆடியவர்கள், அல்லது 27 வயதானவர்கள், ஒப்பந்தம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணிக்கும் போகலாம், பழைய அணிக்கு ஒன்றும் கிடைக்காது. 2021 கோடையில், மீண்டும் கொலம்பஸோடு கையெழுத்துப் போடப் போவதில்லை என்று ஜோன்ஸ் அணியிடம் சொல்லிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்தது. வாங்குகிற அணிக்கு ஒரு முழு வருடம் கிடைக்கும் என்றால் விலை அதிகம். பிப்ரவரி வரை இழுத்தால் சில மாதங்களுக்கான வாடகை விலைதான் கிடைக்கும். கோடை வரை இழுத்தால் பூஜ்யம்.

பூஜ்யம் எப்படி இருக்கும் என்று கொலம்பஸுக்கு நன்றாகத் தெரியும். 2019இல் ஆர்டெமி பனாரினும் கோல்கீப்பர் செர்கேய் பாப்ரோவ்ஸ்கியும் ஒப்பந்தம் முடிகிற வருடத்தில் இருந்தார்கள். இருவரையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு பிளேஆஃப்பில் இறங்கினார்கள். லீகை ஆட்டிப்படைத்த டாம்பா பேயை நான்கே ஆட்டங்களில் சுருட்டி, தங்கள் வரலாற்றிலேயே முதல் பிளேஆஃப் தொடரை வென்றார்கள். ஜூலை 1ஆம் தேதி பனாரின் நியூயார்க்குக்கும் பாப்ரோவ்ஸ்கி ஃபுளோரிடாவுக்கும் போனார்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வசந்தத்தின் சந்தோஷம் அந்த விலைக்குத் தகும் என்று சொல்லும் கொலம்பஸ்காரர்களும் உண்டு, நானும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் அதையே இரண்டு வருடத்தில் இரண்டாம் முறை செய்ய முடியாது.

2021 ஜூலை 23, டிராஃப்ட் நாள். சிகாகோவிடமிருந்து கொலம்பஸ் வாங்கியது: இளம் பின்கள வீரர் ஆடம் போக்விஸ்ட், அன்றைய 12ஆம் இடத்துத் தேர்வு வாய்ப்பு, ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பு, நிபந்தனையோடு 2022இன் முதல் சுற்று வாய்ப்பு. ஜோன்ஸோடு கொலம்பஸும் 32ஆம் இடத்து வாய்ப்பையும் 2022இன் ஆறாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அன்று எல்லோரும் கொலம்பஸைப் பாராட்டினார்கள். 12ஆம் இடத்தில் எடுத்த கோல் சிலிஞ்சர் உடனேயே அணியில் ஆடத் தொடங்கினார். 2022 வாய்ப்பு ஆறாம் இடத்தில் வந்தது, அதில் டேவிட் யிரிசெக்கை எடுத்தார்கள். அவர் 2024இல் மினசோட்டாவுக்கு டிரேடு ஆனார். போக்விஸ்ட்டின் ஒப்பந்தத்தை அதே வருடம் பணம் கொடுத்து முடித்து அனுப்பினார்கள். ஆக, நல்ல விலைக்குக் கொடுத்தும் சில வருடத்தில் கையில் நிற்பது பாதிதான். அதற்காக அன்றைய முடிவைத் தவறு என்று சொல்ல முடியாது. டிராஃப்ட் வாய்ப்புகளுக்குள் அந்த அபாயம் எப்போதும் அடங்கியே வருகிறது.

சிகாகோவின் பிழை

வாங்கிய பக்கம்தான் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பைகள் வென்ற சிகாகோ, 2020 அக்டோபரில் தன் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதி, இனி இளைஞர்களை வைத்து அணியை முதலிலிருந்து கட்டப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றது. ஒன்பதே மாதத்தில் மனம் மாறி ஜோன்ஸை வாங்கியது. வாங்கிய கையோடு எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 95 லட்சம் டாலர், எங்கேயும் நகர்த்தக் கூடாது என்ற முழுப் பாதுகாப்போடு. அது 2022-23இல் தொடங்கியபோது உச்சவரம்பு 8 கோடியே 25 லட்சம். அதாவது மொத்தப் பணத்தில் நூற்றுக்கு பதினொன்றரை பங்கு ஒரே பின்கள வீரருக்கு.

ஜோன்ஸ் அதற்குத் தகுதியானவரா என்று அப்போது எல்லோரும் விவாதித்தார்கள். என்னைப் பொறுத்தவரை அது முக்கியமே இல்லை. அவருடைய சிறந்த வருடங்கள் 26 முதல் 31 வரை என்று வைத்துக்கொண்டால், அதே வருடங்களில் சிகாகோ கோப்பைக்கு மோதும் அணியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்த மூன்று கோப்பைகளையும் வென்ற அணியின் நட்சத்திரங்களான டேவ்ஸும் கேனும் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். மூன்று கோப்பைகளிலும் பின்களத்தைத் தாங்கிய டங்கன் கீத்தை, ஜோன்ஸ் வருவதற்குப் பதினொரு நாள் முன்புதான் எட்மன்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த டிரேடில் சிகாகோவுக்கு வந்தவர் ஜோன்ஸின் தம்பி கேலப். இளைஞர் பட்டாளமும் தயாராகவில்லை. எதிர்பார்த்தபடியே அணி சரிந்தது. புதிய பொது மேலாளர் கைல் டேவிட்சன் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். 2023 டிராஃப்டில் முதல் ஆளாக கானர் பெடார்டை எடுத்தபோது பெடார்டுக்கு 17 வயது, ஜோன்ஸுக்கு 28. பெடார்ட் முதிரும்போது ஜோன்ஸ் முப்பதுகளின் நடுவில் இருப்பார்.

அந்த வருடங்களில் ஜோன்ஸின் பிளஸ்-மைனஸ் மைனஸ் முப்பதையும் தாண்டிப் போனது. நீங்கள் களத்தில் இருக்கும்போது நம் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, எதிரணி போட்டால் மைனஸ் ஒன்று என்பதுதான் இந்தக் கணக்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வைத்து ஒரு பின்கள வீரரை எடை போட்டுவிட வேண்டாம். மோசமான அணியில் தினமும் 25 நிமிடம் எதிரணியின் சிறந்த வீரர்களுக்கு எதிரே நிற்பவருக்கு இந்த எண் எப்படியும் கீழேதான் போகும். 15 நிமிடம் மட்டும் ஆடும் சக வீரருக்கு அழகான எண் இருக்கும். கோல்களைவிட, அவர் களத்தில் இருக்கும்போது இரு பக்கமும் எத்தனை முறை கோலை நோக்கி அடித்தார்கள் என்று பார்ப்பது மேல். அதையும் அதே அணியின் மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். சிகாகோ ரசிகர்கள் பலர் தங்கள் கோபத்தை எல்லாம் ஜோன்ஸ்மேல் கொட்டினார்கள். ஒப்பந்தத்தை நீட்டியவர்கள் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு. அந்தத் தொகையை வேண்டாம் என்று எந்த வீரரும் சொல்லப் போவதில்லை.

2025: இந்த முறை காலம் பொருந்தியது

2025 மார்ச் 1 அன்று சிகாகோ ஜோன்ஸையும் ஒரு நான்காம் சுற்று வாய்ப்பையும் ஃபுளோரிடாவுக்குக் கொடுத்து, இளம் கோல்கீப்பர் ஸ்பென்சர் நைட்டையும் நிபந்தனையோடு ஒரு முதல் சுற்று வாய்ப்பையும் வாங்கியது. ஜோன்ஸ் சம்மதித்தால்தான் நடக்கும் என்ற நிலைமை, அவர் சம்மதித்தார். ஒப்பந்தம் கனமாக இருந்ததால் சிகாகோ அதில் வருடத்துக்கு 25 லட்சம் டாலரைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. விதிப்படி ஒரு அணி பாதிச் சம்பளம் வரை இப்படி ஏற்கலாம். ஃபுளோரிடாவின் கணக்கில் ஏறியது 70 லட்சம் மட்டும்.

ஃபுளோரிடா 2024இல் கோப்பை வென்ற அணி. வென்ற கோடையிலேயே வலக்கைப் பின்கள வீரர் பிராண்டன் மொன்டூர் ஃப்ரீ ஏஜென்டாக சியாட்டலுக்குப் போய்விட்டார். அந்த ஓட்டை அப்படியே கிடந்தது. பொது மேலாளர் பில் ஸிட்டோ முன்பு கொலம்பஸில் துணை மேலாளராக இருந்தவர், ஜோன்ஸை வருடக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்தவர். கோல்கீப்பராக பாப்ரோவ்ஸ்கி இருந்தார், ஆமாம், கொலம்பஸை விட்டு வந்த அதே பாப்ரோவ்ஸ்கி. அவர் இருக்கும்வரை நைட்டுக்கு ஆட வாய்ப்பு குறைவு. மிகுதியைக் கொடுத்து குறையை நிரப்பும் அதே நாஷ்வில் கணக்கு மறுபடி வந்துவிட்டது.

டிரேடு நடந்த பத்தே நாளில் இன்னொரு வலக்கைப் பின்கள வீரர் ஆரன் எக்பிளாடுக்கு, ஊக்கமருந்து விதியை மீறியதற்காக 20 ஆட்டங்கள் தடை விழுந்தது. ஜோன்ஸ் வந்திருக்காவிட்டால் அந்த மார்ச் மாதம் ஃபுளோரிடாவின் வலப்பக்கம் காலி. பிளேஆஃப் முழுக்க ஜோன்ஸ் ஆட்டத்துக்குச் சுமார் 25 நிமிடம் சுமந்தார். சிகாகோவில் ஆடிய அதே 25 நிமிடம்தான், இங்கே சுற்றிலும் நல்ல அணி. ஜூன் 17 அன்று எட்மன்டனை ஆறாவது ஆட்டத்தில் வீழ்த்தி ஃபுளோரிடா கோப்பையைத் தக்கவைத்தது. அணியின் கேப்டன் அலெக்சாண்டர் பார்கோவ். 2013 டிராஃப்டில் ஜோன்ஸுக்கு இரண்டு இடம் முன்னால் ஃபுளோரிடா எடுத்தது இவரைத்தான்.

சிகாகோவுக்கும் இது நஷ்டமில்லை. நைட் வந்ததும் அவர்களின் முதன்மைக் கோல்கீப்பராகிவிட்டார். பெடார்டை விட நான்கு வயதுதான் மூத்தவர், இருவரும் ஒரே காலத்தில் முதிர்வார்கள். ஜோன்ஸுக்கும் சிகாகோவுக்கும் பொருந்தாமல் போனது நைட்டுக்குப் பொருந்துகிறது.

இதில் இன்னும் முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஜோன்ஸின் ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை ஓடும். அது முடியும்போது அவருக்கு 35 வயது. அதுவரை ஃபுளோரிடா வருடத்துக்கு 70 லட்சத்தையும், சிகாகோ தனக்காக ஆடாத ஒருவருக்கு 25 லட்சத்தையும் தங்கள் கணக்கில் சுமக்கும். உச்சவரம்பு 2025-26இல் 9 கோடியே 55 லட்சமாக உயர்ந்திருப்பதால் இரண்டு சுமையும் வருடத்துக்கு வருடம் இலேசாகும், முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயது கால்களின் வேகமும் அதே வருடங்களில் குறையும். கடைசி இரண்டு வருடம் ஃபுளோரிடா இந்த ஒப்பந்தத்தை நினைத்து முனகினாலும், கோப்பை ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதால் நான் ஸிட்டோ பக்கம்தான் நிற்பேன்.